தறிச் சத்தம் காதுக்குப் பழகாது

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தெருவில் நடந்தாலே விசைத்தறிச் சத்தம் கூடவே வரும். உள்ளே ஓட்டுகிறவர்களைக் கேட்டால், "மொதல்ல தலை வலிக்கும், அப்புறம் பழகிடுங்க" என்பார்கள். என் பெரியப்பாவும் இதையேதான் சொல்வார். 30 வருடம் நாடாத் தறி ஓட்டியவர். இப்போது பேத்தி சாப்பிடக் கூப்பிட்டால், அவள் வாயைப் பார்த்தால்தான் அவருக்குப் புரிகிறது.

பழகிவிடும் என்கிற நினைப்புதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன. ஒவ்வொரு உள்காதிலும் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் சுமார் 15,000 இருக்கின்றன. அடிமேல் அடிபட்டு அவை சாகும். செத்தது மறுபடி முளைக்காது. ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்ததும் காது அடைத்த மாதிரி இருப்பதும், உள்ளே 'கொய்ய்' என்று இரைவதும் எச்சரிக்கை. காலையில் சரியாகிவிடுவதால் யாரும் கண்டுகொள்வதில்லை.

வலி இல்லாததால் பாதிப்பும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இந்தச் செவிட்டுத்தன்மை பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில், கூர்மையான ஒலிகளில்தான் தொடங்கும். குழந்தைகளின் மெல்லிய குரலும் ச, த போன்ற ஓசைகளும் முதலில் மங்கும். பேசுவது காதில் விழும், ஆனால் என்ன சொல்கிறார்கள் என்று பிடிபடாது.

ஒரு கை நீளத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், சத்தம் அநேகமாக 85 டெசிபலைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். நம் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை அனுமதிக்கின்றன. தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 85-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. நாடாத் தறிக் கூடத்தில் 95, 100 எல்லாம் சாதாரணம்.

சரி, காதில் எதையாவது வைத்துக்கொண்டால் போதுமா? பஞ்சையோ கழிவு நூலையோ திணிப்பதில் சில டெசிபல்தான் குறையும். ஃபோம் இயர்பிளக் நல்லதுதான், ஆனால் நான் பார்த்தவரை பாதிப் பேருக்கு அது காது வாசலில் தொங்கிக்கொண்டிருக்கும். கையைக் கழுவிவிட்டு, அதை மெல்லிய திரி போல உருட்டுங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். நேராக முன்னால் நிற்பவருக்கு பிளக் துருத்திக்கொண்டு தெரிந்தால் சரியாகப் போகவில்லை.

அடுத்தது, "ஒரு நிமிஷம்தானே" என்று கழற்றுவது. 30 டெசிபல் குறைக்கும் கருவியை 8 மணி நேரத்தில் அரை மணி நேரம் கழற்றிவைத்தால், மொத்தத்தில் மிஞ்சுவது 12 டெசிபல் பாதுகாப்புதான். கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. பேச வேண்டுமா, வெளியே வந்து பேசுங்கள். தறிச் சத்தத்தை அமுக்க இயர்ஃபோனில் பாட்டை ஏற்றி வைப்பதோ இன்னும் மோசம்.

முதலாளிகளிடம் ஒன்று சொல்ல வேண்டும். பிளக் வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடியவில்லை. தேய்ந்த பாகத்தை மாற்றுவது, லூஸான போல்ட்டை இறுக்குவது, தறிக்கு அடியில் அதிர்வு தாங்கும் ரப்பர் வைப்பது, கம்ப்ரஸரைக் கூடத்துக்கு வெளியே நகர்த்துவது எல்லாம் முதலில் செய்ய வேண்டியவை. சத்தத்தால் வரும் காது கேளாமை நம் சட்டப்படி தொழில் நோய்.

கடைசியாக, காது மந்தமான பிறகு டாக்டரிடம் போவது. வேலைக்குச் சேரும்போதே ஒரு ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் பரிசோதனை, எடுத்துவிட வேண்டும், பிறகு வருடம் ஒன்று. ஷிஃப்ட் முடிந்த கையோடு போகாதீர்கள். களைத்த காது தப்பாகக் காட்டும். 14 மணி நேரமாவது சத்தத்தை விட்டு விலகியிருந்த பிறகு, விடுமுறைக்கு மறுநாள் காலை வேலைக்குப் போகும் முன் எடுப்பது நல்லது. அந்தத் தாளை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு நஷ்டஈடு கேட்க வேண்டி வந்தால், வேலைக்குச் சேர்ந்தபோது காது எப்படி இருந்தது என்று காட்ட அதுதான் கையில் இருக்கும்.