லண்டன் – பாரிஸ்: தொலைவையும் பயண நேரத்தையும் கணக்கிடும் முறை

பெங்களூரு அல்சூரில் குடியிருப்பவரிடம் சென்னை எவ்வளவு தொலைவு என்று கேட்டால், கிலோமீட்டர் கணக்கைச் சொல்லமாட்டார். விடியற்காலை ரயிலைப் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம் என்பார். லண்டனிலிருந்து பாரிஸ் செல்லத் திட்டமிடுபவரும் அந்த நேரக் கணக்கையே போட வேண்டும்.

வரைபடத்தில் இரு நகரங்களுக்கும் இடையே நேர்கோடு இழுத்தால் ஏறத்தாழ 344 கி.மீ. வரும். ஆனால், இவற்றை இணைக்கும் யூரோஸ்டார் என்ற அதிவேக ரயில் ஓடும் பாதையோ சுமார் 492 கி.மீ. கடல் குறுகலாக உள்ள ஃபோக்ஸ்டன் – கலே பகுதியில், 1994-இல் திறக்கப்பட்ட 50 கி.மீ. நீளச் சுரங்கத்தின் வழியாக ஆங்கிலக் கால்வாய் என்னும் அந்தக் கடலைக் கடந்து, லீல் நகரப் பக்கம் போய்த்தான் அது தெற்கே திரும்புகிறது.

அடுத்து, தொலைவை உச்ச வேகத்தால் வகுத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். மணிக்கு 300 கி.மீ. என்று வகுத்தால் ஒரு மணி நாற்பது நிமிடம்கூட ஆகாது. சுரங்கத்துக்குள் வேகம் 160 கி.மீ.தான் என்பதாலும், நகரங்களை நெருங்கும்போது வண்டி மெதுவாகச் செல்வதாலும், உண்மையில் சுமார் 2 மணி 20 நிமிடம் பிடிக்கிறது.

விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடுமே என்று தோன்றலாம். ஆனால் அது பறக்கும் நேரம் மட்டுமே. பெங்களூரு ஜெயநகரிலிருந்து ஊருக்கு வெளியே உள்ள தேவனஹள்ளி விமான நிலையத்துக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஹீத்ரோவும் சார்ல் த கோல் விமான நிலையமும் தத்தம் நகர மையத்திலிருந்து சுமார் 25 கி.மீ. தள்ளி இருக்கின்றன, போக ஒரு மணி, காத்திருக்க இரண்டு மணி, இறங்கி ஊருக்குள் வர ஒரு மணி என்று கூட்டினால் ஐந்து மணி நேரத்தைத் தாண்டிவிடும். ரயில் நிலையங்களான செயின்ட் பான்கிராஸும் கார் து நோரும் ஊருக்கு நடுவிலேயே உள்ளன. லண்டனில் ஏறும் முன்பே பிரெஞ்சு அதிகாரிகளும் கடவுச்சீட்டைப் பார்த்துவிடுவதால், பாரிஸில் இறங்கியவுடன் வெளியே நடந்துவிடலாம். ஒரு மணி நேரம் முன்னதாகப் போனாலும் மொத்தம் நான்கு மணி நேரத்தில் முடியும். (பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் தனித்தனி விசா வேண்டும், ஒன்றைக் காட்டி மற்றதற்குள் நுழைய இயலாது.)

கடைசியாகக் கடிகாரம். பயணச்சீட்டில் அந்தந்த ஊரின் நேரமே அச்சாகியிருக்கும். பாரிஸ் லண்டனைவிட ஒரு மணி நேரம் முந்தியது. காலை 9.30-க்குப் புறப்பட்டு 12.50-க்குச் சேரும் என்றிருந்தால் ஒரு மணியைக் கழியுங்கள், திரும்பும்போது கூட்டுங்கள். என் மைத்துனர் கைக்கடிகாரத்தை மாற்றாமலே பாரிஸில் இரண்டு நாள் சுற்றினார். வழியெல்லாம் கைப்பேசிதான் மணி காட்டியதால் அவருக்குக் குறை தெரியவில்லை. திரும்பும் நாளில் கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துபோக, நிலையத்தின் எதிரே காபிக் கடையில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிதானமாக உட்கார்ந்திருந்தவர், உள்ளே போனபோது பலகையிலிருந்து அவருடைய ரயிலின் பெயரே போயிருந்தது.