குளம் வடித்து மீன் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தக் குளத்தை வடிக்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது மோட்டாரைத்தான். எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு நேரம் ஓட வேண்டும், தண்ணீரை எந்தப் பக்கம் விடுவது. மீனை எங்கே விடுவது என்ற கேள்வி முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போதுதான் வருகிறது. அதற்குள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கத் தொடங்கியிருக்கும். குளம் வடிப்பதில் சாகும் மீன்களில் பெரும்பாலானவை இப்படி வேலையின் வரிசை தப்புவதால்தான் சாகின்றன.

பிடித்த மீனை விடும் தொட்டி தயாராகாமல் மோட்டாரைப் போடக் கூடாது. குளத்துத் தண்ணீர் தெளிவாக இருக்கும்போதே அதை மொண்டு தொட்டியை நிரப்பி, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரையும் ஓடவிட வேண்டும். அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீரைப் பிடித்தால் அதிலுள்ள குளோரின் செவுளை அரித்துவிடும். வேறு தண்ணீர்தான் கிடைக்கும் என்றால் இரண்டுக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தைக் கவனியுங்கள். கால் மணி, அரை மணி நேரமாவது கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கிய பிறகே மீனை விடலாம். பிடிப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தீனியையும் நிறுத்திவிட வேண்டும். வயிறு நிறைந்த மீனுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும். தொட்டித் தண்ணீரையும் அது சீக்கிரம் கெடுத்துவிடும்.

அடுத்தது நேரக் கணக்கு. இதில் அனுபவசாலிகளே ஏமாறுகிறார்கள். குளம் மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும். 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள நீர்ப்பரப்பில் 30 செ.மீ. இறக்க ஏறத்தாழ 60,000 லிட்டரை வெளியேற்ற வேண்டும். நிமிடத்துக்கு 500 லிட்டர் இறைக்கும் பம்புக்கு அது இரண்டு மணி நேர வேலை. அடியில் பரப்பு 10 மீட்டருக்கு 5 மீட்டராகச் சுருங்கிவிட்டால் அதே 30 செ.மீ. அரை மணி நேரத்தில் காலி. மேலே இறங்கிய வேகத்தை நம்பிச் சாப்பிடப் போனவர் திரும்பி வரும்போது மீன் சேற்றில் துடித்துக்கொண்டிருக்கும்.

அதனால் ஒரே மூச்சில் வடிக்காதீர்கள். இடுப்பளவு தண்ணீர் இருக்கும்போது நிறுத்தி, இழுவலை போட்டுப் பெரும்பகுதி மீனை எடுத்துவிடுங்கள். வலை குளத்தின் அகலத்தைவிட ஒன்றரை மடங்காவது நீளமாக இருந்தால்தான் நடுவில் பை போலத் தொய்ந்து வயிறு விழும். இறுக்கிப் பிடித்த வலைக்கு அடியில் மீன் நழுவிவிடும். மிச்சத்தை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். உயரமான மண் கரை என்றால் நாளொன்றுக்கு ஓர் அடிக்கு மேல் இறக்காமல் இருப்பது கரைக்கும் நல்லது. தண்ணீர் சட்டென்று விலகினால், ஊறிய மண் தாங்கல் இல்லாமல் சரிந்துவிடும்.

கடைசிக் கட்டத்துக்குக் காலை வேளையே சரி. ஆனால் விடியற்காலையில் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று இருட்டோடு இறங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. பாசி மண்டிய பச்சைத் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பதும் அந்த நேரத்தில்தான். இரவெல்லாம் பாசியும் சேர்ந்து அதைச் செலவழித்திருக்கும். வெயில் ஏறிச் சிறிது நேரம் ஆகட்டும், அல்லது இரவு முழுக்க ஏரேட்டர் ஓடட்டும். நண்பகல் வரை இழுத்துவிடவும் வேண்டாம், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும்.

எல்லாரும் ஒன்றாகக் குளத்தில் இறங்கி மிதிப்பதுதான் எனக்குப் பெரிய தவறாகத் தெரிகிறது. அடிச்சேறு கலங்கினால் அழுகிய முட்டை வாடையோடு நச்சு வாயு கிளம்பும், இருக்கிற ஆக்சிஜனையும் சேறு தின்றுவிடும், செவுளில் வண்டல் அடைக்கும். இரண்டு மூன்று பேர் போதும். மீன் வாய் பிளந்தால் உடனே மோட்டாரை நிறுத்திப் புதுத் தண்ணீரை உள்ளே விடுங்கள். ஆழமான இடத்தில் முன்பே ஒரு பள்ளம் இருந்தால் மீன்கள் தாமாகவே அங்கே சேரும், யாரும் துரத்த வேண்டியதில்லை.

பம்பின் உறிஞ்சு குழாய் முனையில் உள்ள ஃபுட் வால்வில் வெறும் வலைத்துண்டைக் கட்டினால் இலையும் பாசியும் நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். கட்டாவிட்டால் குஞ்சுகள் உள்ளே போய் அரைபடும். துளையிட்ட பெரிய பிளாஸ்டிக் கூடையைச் சுற்றி வலை கட்டி, உறிஞ்சு குழாயை அதன் நடுவே வையுங்கள். பரப்பு பெரிதாக இருப்பதால் இழுக்கும் வேகம் குறையும், மீன் ஒட்டிக்கொள்ளாது. கூடை தரையைத் தொடாமல் மிதவையில் தொங்கட்டும்.

மின் மோட்டார் ஓடும்போது தண்ணீரில் ஆள் இறங்கவே கூடாது. சேறு எவ்வளவு ஆழம் என்று கழியால் குத்திப் பார்க்காமல் கால் வைக்காதீர்கள். தனியாக இறங்காதீர்கள், கரையில் கயிறோடு ஒருவர் நிற்கட்டும்.

மீனை உலர்ந்த கையால் தொட்டாலும் தரையில் போட்டாலும் உடம்பின் வழவழப்பு போய் நோய் பிடிக்கும். பெரிய மீனை வாலைப் பிடித்துத் தூக்காமல் ஈரத் துணியில் ஏந்திக் கொண்டுபோங்கள். அதிகமாக இருக்கும் மீனைப் பக்கத்து ஆற்றிலோ ஏரியிலோ விடுவது புண்ணியம் என்று சிலர் நினைக்கிறார்கள். திலாப்பியா போன்றவை அப்படித்தான் பல நீர்நிலைகளில் பரவி, அங்கிருந்த மீன்களை ஒடுக்கின. பல நாடுகளில் அது குற்றமும்கூட. வடிக்கும் தண்ணீரையும் நேரே ஓடையில் விடாதீர்கள். வண்டலோடு முட்டையும் குஞ்சும் போய்விடும். புல்வெளியிலோ வயலிலோ பரவவிட்டால் வண்டல் அங்கேயே தங்கும்.

தார்ப்பாய் விரித்த குளத்தை முழுக்கக் காலியாக்கும் முன் நிலத்தடி நீர்மட்டத்தைப் பாருங்கள். அது உயர்ந்திருந்தால் அடியிலிருந்து பாயைத் தூக்கிவிடும்.

குளம் காலியாகிவிட்டது என்று உடனே புதுக் குஞ்சு வாங்கி விடுவதும் நஷ்டத்தில் முடியும். விராலும் விலாங்கும் காற்றைச் சுவாசித்துக்கொண்டு ஈரச் சேற்றுக்குள் பல நாள் கிடக்கும், புதுத் தண்ணீர் வந்ததும் குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும். தரை வெடிப்பு விடும்வரை காய விட்டு, காயாத குழிகளைக் கையால் துழாவி எடுத்த பிறகே தண்ணீர் கட்ட வேண்டும்.