ஒன்றுவிட்ட அண்ணனுக்குப் பிள்ளை சொல்லும் வீட்டுச் செய்தி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளை உட்காரவைத்து, வெளியூரில் இருக்கும் பெரியம்மா மகளுக்கோ மாமா பையனுக்கோ கடிதம் எழுதப் பழக்குகிறேன். எழுத்துப்பிழை, தேதி போட மறப்பது எல்லாம் தானாகச் சரியாகும். பக்கத்தில் நிற்கும் பெரியவர்கள் செய்கிற தவறுகள்தான் சரியாவதில்லை. புதிதாகப் பிள்ளையை அழைத்து வருகிறவர்கள் எல்லோரும் அதையே திரும்பச் செய்கிறார்கள்.

பின்னால் நின்று சொல்லிக்கொடுப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். 2021 நவம்பரில் பாலாறு இருகரையும் தொட்டு ஓடியது. அதுவரை மணலைத்தான் ஆறு என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். விரிஞ்சிபுரத்துப் பையன் ஒருவன் கோவையில் இருக்கும் பெரியப்பா மகனுக்கு எழுதினான்: "தாத்தா செருப்பைக் கழட்டிக் கையில வச்சிக்கினு ஆத்தையே பாத்துனு நின்னாரு. கூப்பிட்டா திரும்பல. அப்புறம் கண்ணத் தொடச்சிக்கினாரு."

அப்பா வாங்கிப் படித்தார். "இன்னாடா இது, தாத்தா அழுததையெல்லாமா எழுதுவாங்க?" என்று கோடு போட்டு அடித்துவிட்டு, தான் சொல்லச் சொல்ல எழுதவைத்தார்: "பாலாற்றில் வெள்ளப்பெருக்கு ஏற்பட்டது. அனைவரும் நலம். நான் நன்றாகப் படிக்கிறேன்."

வெள்ளத்தைக் கோவைப் பையன் டி.வி.யிலேயே பார்த்திருப்பான். தாத்தா செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை எந்தச் சேனலில் பார்ப்பான்? பதில் வரவில்லை. பதில் எழுத அதில் என்ன இருந்தது? அடுத்தடுத்த கடிதங்களும் அப்படியே போயின. இப்போது அந்த விரிஞ்சிபுரத்துப் பையன் போனில்கூட "நல்லா கீறோம்ணா" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் நீட்டிவிடுகிறான். நாளைக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்க மட்டும் படியேறுகிற உறவாக அது போய்விடுமே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

பிள்ளைக்கு ஒன்றும் தோன்றவில்லையென்றால் கேள்வி கேளுங்கள். "நேத்து வீட்ல யாரு சிரிச்சாங்க? எதுக்கு?" "பாட்டி இன்னா சொன்னாங்க?" கேட்டுவிட்டு அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். முள்ளுக் கத்திரிக்காயை அரியும்போது அம்மா விரலில் முள் ஏறியது, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தது, கரண்ட் போன ராத்திரி மொட்டைமாடியில் எல்லோரும் வரிசையாகப் படுத்தது: இவைதான் செய்தி. போன கடிதத்தில் பூனை குட்டி போட்டது என்று எழுதியிருந்தால், குட்டிகள் இப்போது எங்கே என்று இந்தக் கடிதத்தில் வரவேண்டும். அங்கே ஒருவன் அதற்காகக் காத்திருக்கிறான்.

மார்க்

சொல்லவும் வைக்காதீர்கள், கேட்கவும் வைக்காதீர்கள்.

"கட்டிக்கப் போறவன்" கேலி

மாமா பையன், அத்தை பொண்ணு என்றால் உடனே ஆரம்பித்துவிடுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளை கூசிப்போகும். அன்றோடு பேச்சு நிற்கும்.

நோய், கடன், சண்டை

தாத்தாவை சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கும் செய்தி, பெரியவர்கள் சொல்வதற்கு முன்னால் பிள்ளை வழியாக அத்தை வீட்டுக்குப் போய்விடக்கூடாது. "இதை நாங்க சொல்லிக்கிறோம், மத்தது எல்லாம் நீ சொல்லு" என்று முன்கூட்டியே சொன்னால் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். சொன்ன பிறகு திட்டினால், அடுத்த முறை எதையுமே சொல்லமாட்டார்கள்.

இன்லேண்ட் லெட்டர்

உள்ளே போட்டோ, ஸ்டிக்கர் எதுவும் வைத்து ஒட்டக்கூடாது. வெளிநாட்டுக்கும் செல்லாது. கவர் வாங்குங்கள்.

நேரம்

சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே இரவு 8 மணிக்குக் கூப்பிட்டால் அங்கே 10.30, தூக்கக் கலக்கத்தில் அந்தப் பிள்ளை "ம்" மட்டும் கொட்டும், நம் பிள்ளை முகம் வாடும். ஞாயிறு காலை 9 மணி நல்லது. துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால் என்பதால் அங்கே இருப்பவர்களுக்கு நம் இரவு 8 மணியே சரி.