தெருக்குழாயிலிருந்து சம்ப் வரை: வீட்டு வால்வைக் கண்டுபிடித்துச் சோதிப்பது எப்படி?

குழாய் உடைந்து தண்ணீர் கொட்டும்போதுதான் பலரும் வீட்டுக்கு வரும் தண்ணீரை நிறுத்தும் வால்வு எங்கே என்று தேடுகிறார்கள். அதற்கு முன்பே ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி இதைச் செய்துவிடுங்கள். தமிழ்நாட்டு நகரங்களில் சொந்த வீடு உள்ளவர்களுக்காக எழுதுகிறேன். சென்னையில் குடிநீர் இணைப்புகள் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மற்ற ஊர்களில் நகராட்சி அல்லது மாநகராட்சியின் பொறியியல் பிரிவைப் பார்க்க வேண்டும். கட்டணமும் படிவமும் ஊருக்கு ஊர் மாறும்.

1. லைன் வரும் வழியைப் பாருங்கள். தெருவில் போகும் மெயின் குழாயில் சிறு துளையிட்டு, ஃபெரூல் என்ற பித்தளைத் திருகை முடுக்கியிருப்பார்கள். வீடுகளுக்குப் பெரும்பாலும் அரை அங்குலம்தான். அங்கிருந்து உங்கள் குழாய் மண்ணுக்கடியில் காம்பவுண்டுக்குள் வந்து, மீட்டர் இருந்தால் அதைக் கடந்து, சம்ப்புக்கு, அதாவது தரைக்கடியில் உள்ள தொட்டிக்குப் போகிறது. ஃபெரூலை யாரும் தொடக் கூடாது. தண்ணீர் போதவில்லை என்று அதைப் பெரிதாக்கினால், அடுத்த வீட்டுக்காரரின் பங்கு குறையும். அது விதிமீறலும்கூட.

2. வால்வைத் தேடுங்கள். காம்பவுண்டுக்குள் குழாய் நுழைந்ததும், மீட்டருக்கு முன்னால், கைக்கு எட்டும் இடத்தில் ஒரு வால்வு இருக்க வேண்டும். இல்லையென்றால் அனுமதி பெற்ற பிளம்பரை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு யூனியனும் (குழாயை அறுக்காமல் திருகிப் பிரிக்கக்கூடிய இணைப்பு) வைக்கச் சொல்லுங்கள், பிற்பாடு கழற்ற எளிது. சிமெண்டுக்குள் புதைக்க விடாதீர்கள். மூடியோடு சிறு தொட்டி கட்டினால் போதும். மீட்டரில் சீல் இருந்தால் அலுவலகத்துக்குச் சொல்லாமல் அதை உடைக்கக் கூடாது.

3. சோதியுங்கள். தண்ணீர் வரும் நேரத்தில்தான் இது முடியும். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் ஊர் என்றால் அந்த நாளுக்குக் காத்திருங்கள். பால் வால்வில் (உள்ளே துளையிட்ட உருண்டை உள்ள வகை) கைப்பிடி குழாயோடு நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. சக்கரம் வைத்த கேட் வால்வை வலப்புறமாகச் சுற்றி மூட வேண்டும். மூடிய பிறகு சம்ப்பில் விழும் தண்ணீர் முழுக்க நிற்கிறதா என்று பாருங்கள். சொட்டினால் வால்வு தேய்ந்திருக்கிறது. இறுகிப்போன கேட் வால்வை ஸ்பேனர் போட்டு முறுக்காதீர்கள், தண்டு முறிந்துவிடும். பாதி திறந்து வைப்பதும் தவறு, உள்ளே இருக்கும் தகடு சீக்கிரம் தேயும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து மூடினால் இறுகாது.

4. சம்ப்பில் விழும் முனையைப் பாருங்கள். எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. சப்ளை நின்றதும் மெயின் குழாய் காலியாகி, உள்ளே இழுவிசை உண்டாகும். உங்கள் குழாயின் முனை சம்ப்புத் தண்ணீரில் மூழ்கியிருந்தால், அந்தத் தண்ணீர் தெருக்குழாய்க்குள் திரும்பிப் போகும். அடுத்த சப்ளையில் அதைக் குடிப்பது தெருவே! ஆகவே முனை எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்க வேண்டும். சம்ப் நிரம்பியதும் தானாக நிறுத்த ஒரு ஃப்ளோட் வால்வும் வேண்டும்.

இதே காரணத்தால்தான் லைனில் நேரடியாக மோட்டார் வைப்பதைத் தடை செய்திருக்கிறார்கள். மோட்டார் உறிஞ்சும்போது மெயின் குழாயில் அழுத்தம் குறைந்து, விரிசல்கள் வழியாகப் பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும். சிக்கினால் மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள், இணைப்பையும் துண்டிப்பார்கள். தானாக வந்து சம்ப்பில் விழும் தண்ணீரை அங்கிருந்து மாடிக்கு ஏற்ற மோட்டார் வைப்பதில் தவறில்லை.

5. கசிவு எங்கே என்று பிரித்துப் பாருங்கள். வால்வை மூடியதும் ஈரம் காய்ந்தால், பழுது உங்கள் பக்கம். பிளம்பரை அழையுங்கள். மூடிய பிறகும் வாசலுக்கு வெளியே ஊறினால் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். இணைப்பு எண்ணும், கடைசியாகக் கட்டிய குடிநீர்க் கட்டண ரசீதும் கையில் இருக்கட்டும். செலவு உங்களுடையது என்று அவர்கள் சொன்னாலும், அனுமதி இல்லாமல் ரோட்டைத் தோண்டக் கூடாது. கீழே மின்கேபிளும் கழிவுநீர்க் குழாயும் ஓடலாம்.