டிக்கெட் போடும் முன் காலண்டரைப் பாருங்கள்: சேலம் வருவோருக்கு

ஐரோப்பாவிலும் கனடாவிலும் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விடும் ஜூலை, ஆகஸ்டில்தான் இங்கே ஆடி வரும். ஜூலை 16 அல்லது 17இல் மாதம் பிறக்கும். கல்யாணம், கிரகப்பிரவேசம் எதையும் ஆடியில் வைக்க மாட்டார்கள். அதற்காகத்தான் வருகிறீர்கள் என்றால் ஆவணி வரை தள்ளிப் போடுங்கள். ஊரைப் பார்க்க வருகிறீர்களா, ஆடியை விட்டுவிடாதீர்கள். கோட்டை மாரியம்மன் திருவிழா, சேலம் குகைப் பகுதியில் சாமி வேஷம் கட்டியவர்கள் வண்டிகளில் வரும் வண்டி வேடிக்கை, ஆடி 18க்கு மேட்டூர்க் காவிரியில் புதுத் தாலிக்கயிறு மாற்றும் பெண்கள் என்று மாதம் முழுக்கக் களைகட்டும். அந்த நாட்களில் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது, காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

புரட்டாசியில் வந்தால் பல வீடுகளில் கறி, மீன் கிடையாது. கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம்.

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் ஒரு தாளைக் கிட்டே போய்ப் பாருங்கள். நல்ல நேரம், கௌரி நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, திதி, நட்சத்திரம், சந்திராஷ்டமம், சூலம் எல்லாம் அதில் இருக்கும். நல்ல காரியம் எதையும் தொடங்காத ராகு காலத்தை முதலில் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பெரியவர்கள் சொல்லும் வாய்பாடு இது, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் ஒரு கிழமை: ‘திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா?’ திங்கள் 7.30, சனி 9, வெள்ளி 10.30, புதன் 12, வியாழன் 1.30, செவ்வாய் 3, ஞாயிறு 4.30. ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம்.

குளிகையைக் கெட்ட நேரம் என்று ஒதுக்காதீர்கள். அதில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பது நம்பிக்கை. அதனால் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வாங்க அது நல்ல நேரம். துக்க காரியத்துக்கு ஆகாது.

சூலம் என்பது அன்றைக்குப் பயணம் ஆகாது என்று நம்பும் திசை, ஊர் திரும்பும் நாளில் வேலைக்கு வரும். செவ்வாய், புதனில் வடக்கே சூலம். பெங்களூரு போய் விமானம் ஏறுகிறவர்களுக்கு அதே திசைதான். தாளிலேயே பரிகாரம் பால் என்று போட்டிருக்கும். அத்தை ஒரு டம்ளர் பாலோடு வாசலில் நின்றால் மறுக்காமல் குடித்துவிட்டுக் கிளம்புங்கள், அவருக்கு அதுவே நிம்மதி.

அப்புறம், காலண்டர் ஒன்றை ஊருக்கு எடுத்துப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: அந்த ராகு காலம் 6 மணிக்கு விடிந்து 6 மணிக்கு அடையும் பகலை எட்டாகப் பிரித்துப் போட்ட கணக்கு. சேலத்துக்கு ஏறக்குறையப் பொருந்தும். லண்டனில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல், அங்கே ஒரு பங்கே இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். உங்கள் ஊர் சூரிய உதயத்தையும் அஸ்தமனத்தையும் வைத்து எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள்.