கப்பல் எங்கே நிற்கிறது? போனிலேயே பார்க்கலாம்

வல்வெட்டித்துறையில் இருக்கும் பெரியம்மாவின் மகனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. இரண்டு நாள் அவனிடமிருந்து அழைப்பு வராவிட்டால் பெரியம்மாவுக்குச் சோறு இறங்காது. கப்பல்கள் நிற்கும் இடத்தை வரைபடத்தில் காட்டும் மரைன் ட்ராபிக் செயலியை அவவின் போனில் போட்டுக் கொடுத்தேன். இலவசப் பதிப்பே போதும்.

பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள், ஒரே பெயரில் பல கப்பல்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு கப்பலுக்கும் தனியாக உள்ள ஏழு இலக்க அடையாள எண்ணை, அதாவது ஐ.எம்.ஓ. எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள். பெயரும் கொடியும் மாறினாலும் அந்த எண் மாறாது. வரைபடத்தில் பச்சை சரக்குக் கப்பல், சிவப்பு எண்ணெய்க் கப்பல், நீலம் பயணிகள் கப்பல். குறியைத் தொட்டால் வேகமும் போகும் திசையும் தெரியும்.

அதோடு, கடைசியாகத் தகவல் கிடைத்த நேரத்தைக் கட்டாயம் பாருங்கள். கப்பல் இருக்கும் இடத்தைத் தானாக அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவி அனுப்பும் சமிக்ஞையைக் கரையில் உள்ள அன்டெனாக்கள் பிடிக்கின்றன. ஏறத்தாழ 40 கடல்மைல் தாண்டினால் அவற்றுக்கு எட்டாது. செய்மதி வழியாக வரும் தகவலுக்குப் பெரும்பாலும் காசு கட்ட வேண்டும். ஆகவே நடுக்கடலில் குறி அசையாமல் நின்றால் பதற வேண்டாம். பெரியம்மா முதல் நாளே பதறி, இரவு பதினொரு மணிக்கு என்னை எழுப்பினா!

அப்புறம், பாக்கு நீரிணையில் பெரிய கப்பல்களைத் தேடி ஏமாறாதீர்கள். அங்கே ஆழம் போதாது. அவை இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனையைச் சுற்றித்தான் போகும். நம்மவர்களின் மீன்பிடிப் படகுகளும் அநேகமாகத் தெரியாது. ஏ.ஐ.எஸ். கருவி முக்கியமாகச் சர்வதேசப் பயணம் போகும், மொத்தக் கொள்ளளவு 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கும் பயணிகள் கப்பல்களுக்கும்தான் கட்டாயம்.