கடல் பரப்புத் திட்டத்தைக் கடற்கரைச் சமூகங்கள் படிப்பதும் பதிலளிப்பதும் எவ்வாறு

கடலின் எந்தப் பகுதியில் எந்தத் தொழில், எந்தக் காலத்தில், என்ன நிபந்தனையுடன் நடக்கலாம் என்பதை அரசு முன்கூட்டியே வரையறுக்கும் பணி கடல் பரப்புத் திட்டமிடல் எனப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவான மண்டல முறையை இதன் முன்னோடியாகக் கருதலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் பிறப்பித்த ஆணை, கடலோர உறுப்பு நாடுகள் 2021 மார்ச் இறுதிக்குள் இத்தகைய திட்டத்தை வகுக்க வேண்டும் என்றது. 2022இல் ஏற்கப்பட்ட குன்மிங்–மாண்ட்ரியல் பல்லுயிர் உடன்பாட்டின் முதல் இலக்கும் நிலத்தையும் கடலையும் இவ்வாறு திட்டமிடுவதையே வலியுறுத்துகிறது. ஆகவே, இன்று திட்டம் எதுவும் இல்லாத கடற்கரைக்கும் அது வந்து சேரும் வாய்ப்பு அதிகம்.

ஒரு மீனவ ஊருக்கு இத்திட்டத்தால் நன்மையா, தீமையா என்பது பெரும்பாலும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் முடிவாவதில்லை. அதற்கு வெகு முன்னரே, அடிப்படை வரைபடத்தில் யாருடைய பயன்பாடு பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்து அது பெருமளவு முடிவாகிவிடுகிறது. அதனால்தான் இவ்வழிகாட்டி கூட்டத்தில் பேசும் முறையைவிடப் பதிவு செய்யும் முறைக்கு அதிக இடம் ஒதுக்குகிறது.

வெற்றிடமாகத் தெரியும் கடல்

திட்டம் வகுப்போர் முதலில் கையில் கிடைக்கும் தரவுகளையே வரைபடத்தில் ஏற்றுகிறார்கள். பன்னாட்டுக் கடற்பயண விதிகளின்படி கப்பலின் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் தானியங்கி அடையாளக் கருவி கட்டாயமாவது, பன்னாட்டுப் பயணம் செய்யும் 300 டன்னும் அதற்கு மேலும் கொள்ளளவுள்ள கப்பல்கள், உள்நாட்டுப் பயணம் செய்யும் 500 டன்னும் அதற்கு மேலும் கொள்ளளவுள்ள சரக்குக் கப்பல்கள், பயணிகள் கப்பல்கள் ஆகியவற்றுக்குத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில்கூட செயற்கைக்கோள் வழிக் கண்காணிப்பு நெடுங்காலம் 12 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுகளுக்கே கட்டாயமாக இருந்தது. சிறு படகுகளும் கரைவலையும் முத்துச்சிப்பிக்கோ கடற்பாசிக்கோ மூழ்குவோரும் இத்தகைய தரவுகளில் தடமே பதிப்பதில்லை. ஆனால், ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு உள்ளிட்ட நிறுவனங்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு, உலகின் மீன்பிடிப்பில் குறைந்தது 40 விழுக்காடு சிறுதொழில் மீனவர்களுடையது என்கிறது. இவ்வளவு பெரிய உழைப்பு வரைபடத்தில் ஏறாமல் போனால், அது நடக்கும் கடல் ஆளில்லாத வெற்றிடமாகத் தெரியும். காற்றாலைக்கும் மணல் அகழ்வுக்கும் இடம் தேடுவோரின் பார்வை முதலில் அங்கேதான் செல்லும்.

எனவே, அரசின் அறிவிப்புக்காகக் காத்திராமல் ஊரே தன் கடலை வரைந்து வைத்துக்கொள்வது நல்லது. அளவுத்திட்டம் உள்ள கடல்வழி வரைபடத்தின் பெரிய படி ஒன்றை விரித்து, தொழில்வாரியாகத் தனித்தனிக் குழுக்களை அமர்த்த வேண்டும். செவுள்வலை போடுவோர், தூண்டிலிடுவோர், கூடு வைப்போர், கரையோரத்தில் நடந்து சிப்பி பொறுக்கும் பெண்கள் என ஒவ்வொரு குழுவின் படமும் வேறாக இருக்கும். அவற்றை ஒரே படத்தில் தொடக்கத்திலேயே கலந்துவிட்டால் குரல் ஓங்கியவர்களின் கடல் மட்டுமே எஞ்சும். மீன்பிடிக்கும் இடத்தை மட்டும் குறித்தால் போதாது. அங்கு போய்வரும் வழி, காற்று மாறும்போது ஒதுங்கும் இடம், நங்கூரமிடும் இடம், படகை ஏற்றும் கரை, மீன் உலர்த்தும் மணல் ஆகிய அனைத்தும் படத்தில் ஏற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மாதங்களைத் தவறாமல் எழுத வேண்டும். ஆண்டில் இரண்டு மாதம் மட்டும் பயன்படும் ஒரு பார் (மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டு), அந்த இரண்டு மாத வருவாயாலேயே ஒரு குடும்பத்தின் ஆண்டுக் கடனை அடைப்பதாக இருக்கலாம். அதை, ‘ஆண்டில் பத்து மாதம் பயன்பாடற்ற பகுதி’ என எவரும் எழுத இடங்கொடுக்கக் கூடாது.

இடங்களைக் கரையடையாளங்களின் நேர்கோட்டை வைத்து அறியும் மூத்தவர்களைப் படகில் அழைத்துச் சென்று, அவர்கள் காட்டும் இடத்தில் கைபேசியிலோ ஜி.பி.எஸ். கருவியிலோ புள்ளியைப் பதிவு செய்யலாம். இங்கே ஒரு சிறு கவனக்குறைவு பெருங்கேடாக முடியும். அட்சரேகை 9 பாகை 30 நிமிடம் என்பதை 9.30 பாகை என்று எழுதினால், உரிய பதின்ம மதிப்பான 9.50க்கும் அதற்கும் இடையே 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வேறுபாடு வந்துவிடும். அத்தகைய ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டால் மற்றப் புள்ளிகளின் மீதும் ஐயம் படரும்.

பதிவு செய்தவற்றை முழுமையாக ஒப்படைப்பதிலும் ஆபத்து உண்டு. வளமான பார் வெளியூர்ப் படகுகளுக்குத் தெரிந்துவிடக்கூடும். நாளை மீன்பிடிக்கத் தடை விதிப்பதற்கான ஆதாரமாகவும் அதே தரவு பயன்படக்கூடும். துல்லியமான புள்ளிகளை ஊரிடமே வைத்துக்கொண்டு, சில கிலோமீட்டர் பக்கம் கொண்ட கட்டங்களாகத் தொகுத்த வடிவத்தை மட்டும் அரசுக்குக் கொடுப்பதும், எதற்காக மட்டும் அதைப் பயன்படுத்தலாம் என்று எழுத்தில் நிபந்தனை பெறுவதும் பாதுகாப்பானவை.

வரைவைப் படித்தல்

வரைவு வெளியானதும் வண்ணங்களைப் பார்ப்பதற்கு முன், எந்த எண் ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்று தேட வேண்டும். செஷெல்ஸ் நாட்டில் கடற்பரப்பில் 30 விழுக்காட்டைப் பாதுகாப்பது என்ற உறுதி, கடன் மறுசீரமைப்பு உடன்பாட்டோடு பிணைந்திருந்தது. அளவு அவ்வாறு முன்பே நிலைத்துவிட்ட திட்டத்தில் எஞ்சியிருப்பது எந்த இடம், எந்த நிபந்தனை என்ற கேள்விகளே. உழைப்பை அவற்றில் செலுத்துவதுதான் பயன் தரும்.

அடுத்து, ஒவ்வொரு மண்டலத்திலும் ‘தடை’ என்ற சொல் எதைக் குறிக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். உள்ளே மீன்பிடிக்கத் தடையா, நங்கூரமிடத் தடையா, கடந்து செல்லவே தடையா என்பவை வெவ்வேறு இழப்புகள். காற்றாலைப் பகுதிக்குள் படகுகள் செல்வதையும் மீன்பிடிப்பதையும் பிரிட்டன் பொதுவாகத் தடுப்பதில்லை. பெல்ஜியமோ கடந்து செல்வதையே தடுக்கிறது. இயந்திரம் பழுதாகி உள்ளே மிதந்து செல்லும் படகுக்கு என்ன நேரும் என்ற கேள்விக்கு வரைவில் விடை இல்லையென்றால், அதை எழுத்தில் கேட்டே ஆக வேண்டும்.

பாதுகாப்பு வளையத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஐக்கிய நாடுகளின் கடற்சட்ட உடன்படிக்கை, கடலில் நிறுவப்படும் கட்டமைப்பைச் சுற்றிப் பொதுவாக 500 மீட்டர் வரை பாதுகாப்பு மண்டலம் அமைக்க இடமளிக்கிறது. 10 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரத்தைச் சுற்றிலும் அவ்வளவு தூரம் விலக்கினால், 100 சதுர கிலோமீட்டர் என்று காகிதத்தில் உள்ளது நடைமுறையில் ஏறத்தாழ 121 ஆகிவிடும். மேலும், ஒவ்வொரு மண்டலமும் தனித்தனியே சிறிதாகத் தோன்றலாம். கப்பல் வழி, ராணுவப் பயிற்சிப் பகுதி, கேபிள் வழித்தடம், மீன் வளர்ப்புக் கூண்டுகள் ஆகியவற்றை ஒளிபுகும் தாள்களில் வரைந்து ஊரின் படத்தின்மீது அடுக்கிப் பார்த்தால்தான் எஞ்சும் கடல் எவ்வளவு என்பது புலப்படும். அந்த எஞ்சிய கடலில் பக்கத்து ஊர்ப் படகுகளும் வந்து குவியும் என்பதை மறக்கக் கூடாது.

சில திட்டங்கள் தாழ்நீர்க் கோட்டோடு, அதாவது கடல் நீர் வடியும்போது தொடும் எல்லையோடு, நின்றுவிடுகின்றன. அதற்கு மேலுள்ள மணலை வேறொரு துறை ஆள்வதால், கேபிள் கரையேறும் இடமோ துணைத் துறைமுகமோ படகு நிறுத்தும் கரையை எடுத்துக்கொள்வதை எந்த ஆவணமும் பேசாமல் விட்டுவிடும்.

இழப்பைக் கணக்கிடுதல்

பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 2004இல் நடைமுறைக்கு வந்த புதிய மண்டல முறை, மீன்பிடிக்க முற்றிலும் தடையுள்ள பரப்பை 5 விழுக்காட்டுக்கும் குறைவான நிலையிலிருந்து சுமார் 33 விழுக்காடாக உயர்த்தியது. பாதிக்கப்பட்டோருக்கான உதவித் தொகுப்பு முதலில் மதிப்பிட்டதைவிடப் பல மடங்கு பெருகி 20 கோடி ஆஸ்திரேலிய டாலரைக் கடந்தது. இடப்பெயர்வின் செலவைத் தொடக்கத்தில் குறைத்து மதிப்பிடுவது வளமான நாட்டிலும் நிகழ்கிறது என்பதற்கு இது சான்று. உரிமம் பெற்ற படகுக்காரரின் பிடிப்பை மட்டும் கணக்கிட்டால், பங்குக்கு வேலை செய்வோர், ஐஸ் விற்போர், வலை பின்னுவோர், மீன் உலர்த்தி விற்கும் பெண்கள் ஆகியோர் இழப்பீட்டுப் பட்டியலில் இடம்பெற மாட்டார்கள். நாள்தோறும் எரிபொருள், புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், பிடித்த எடை ஆகியவற்றை எழுதிவைத்த ஓராண்டுக் குறிப்பேடு, இழப்பு நேர்ந்த பின் தயாரிக்கும் எந்த மனுவையும்விட வலுவானது.

எழுத்தில் பதிலளித்தல்

‘எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கப்படும்’ என்ற பொதுவான மனுவுக்குப் பொதுவான பதிலே கிடைக்கும். வரைவின் பத்தி எண்ணையும் வரைபட எண்ணையும் சுட்டி, எந்த எல்லை எத்தனை மீட்டர் எத்திசையில் நகர வேண்டும், அல்லது எந்த மாதங்களில் விலக்கு வேண்டும் என்று கேட்பது நல்லது. மறுப்பதானால் அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்றும் கோர வேண்டும். 2014இல் ஏற்கப்பட்ட சிறுதொழில் மீன்பிடிப்புக்கான தன்னார்வ வழிகாட்டு நெறிமுறைகளை மேற்கோள் காட்டலாம். அவை நீதிமன்றத்தில் நேரடியாகக் கட்டுப்படுத்துவன அல்ல என்றாலும், அவற்றை ஆதரித்த அரசு எளிதில் புறந்தள்ள முடியாதவை.

கலந்தாலோசனை நடந்த விதத்தையும் பதிவு செய்ய வேண்டும்: அறிவிப்பு எந்த மொழியில், எந்த நாளில், யாரிடம் வந்தது என்பது பின்னர் முக்கியமாகும். தென்னாப்பிரிக்காவின் ‘வைல்ட் கோஸ்ட்’ கடற்கரைப் பகுதியில் எண்ணெய்த் தேடலுக்கு வழங்கப்பட்ட உரிமையை 2022இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மரபுவழித் தலைவர்களைச் சந்தித்ததை மக்களோடு கலந்தாலோசித்ததாகக் கொள்ள முடியாது என்பது அதற்கான காரணங்களுள் ஒன்று. 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் குறைகளை உறுதிப்படுத்தியது. எனினும் உரிமத்தைப் புதுப்பிக்கும் நடைமுறையின்போது அவற்றைச் சரிசெய்ய நிறுவனத்துக்கு வழிவிட்டது. அவ்வழக்கு திட்டமிடல் பற்றியது அன்று. ஆனால் நடைமுறைப் பிழை எவ்வளவு தூரம் உதவும், எங்கே நின்றுவிடும் என்பதை அது காட்டுகிறது.

ஆலோசனைக் குழுவில் இடம் அளித்தால் ஏற்கலாம். ஆனால் அக்குழுவின் பரிந்துரை யாரைக் கட்டுப்படுத்தும் என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் 2010இல் வகுத்த கடல் திட்டம், மீனவர் ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்ததற்காகப் பெரிதும் பாராட்டப்பட்டது. தங்கள் ஆட்சேபங்களுக்கு மதிப்பில்லை என்று கூறி அக்குழுவினர் 2023இல் கூண்டோடு விலகினர்.

திட்டம் ஒப்புதல் பெற்ற பின்னரும் குறிப்பேட்டை நிறுத்தக் கூடாது. ஐரோப்பிய ஆணை குறைந்தது பத்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு வேண்டும் என்கிறது. வேறிடங்களில் காலம் மாறலாம், திட்டத்திலேயே அது குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த மறுஆய்வுக்கான தரவுத் திரட்டல் கெடுவுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்னரே தொடங்கிவிடும் என்பதால், ஊரின் படங்களையும் குறிப்பேடுகளையும் யார் பொறுப்பில், எத்தனை படிகளாக வைப்பது என்பதை ஒப்புதல் வந்த ஆண்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.